உன் நாடகத்தில் இல்லாத அப்பா

அன்பு மகன்,

போனில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். போனை எடுத்தால் "சாப்பிட்டியா, தம்புள்ளையில மழையா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிற ஆள் நான். முப்பது வருஷம் துணிக்கடையில் வாய் ஓயாமல் பேசியவனுக்கு, சொந்த மகனிடம் பேச வேண்டிய நேரத்தில் வாய் வருவதில்லை. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி. பாதியில் கோபம் வந்தால் கோபப்பட்டுவிட்டு மறுபடி எடுத்து வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் உன் நாடகம் முடிந்து வெளியே வந்ததும், "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில கொஞ்சம் இழுத்துட்ட" என்றேன். நீ சிரித்தாய். உன் நாடகப் பிள்ளைகள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நீ அவர்கள் பக்கம் போய்விட்டாய். மகன், நாடகம் இழுக்கவில்லை. அந்த இடத்தை விட்டு ஓடினால் போதும் என்று இருந்தது எனக்கு. ஓடுகிறவன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஓடுவான், அவ்வளவுதான்.

எனக்கு விளங்கிய மாதிரி அந்த நாடகத்தைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. டவுன் ஸ்கூல் ஒன்றில் ஆறாம் வகுப்பு. ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை புதிதாக வந்து சேர்கிறாள். அதே வகுப்பில் அதே தோட்டத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், ஆனால் அவனை எல்லாரும் டவுன் பையன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே அவனிடம் வருகிறாள். அவன், "யாருன்னே தெரியாது" என்கிறான். பிறகு ஒரு மழை நாள். ஸ்கூல் கேட்டுக்கு அந்தப் பையனின் அம்மா குடையோடு வந்து நிற்கிறாள். மரம் வெட்டிப் பால் எடுத்த கையோடு வந்தவள், மேலெல்லாம் நாற்றம். பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யார்டா அது?" என்று கேட்கிறார்கள். அவன் அந்தப் பெண்பிள்ளையைக் கை காட்டுகிறான். "அவளோட அம்மாடா" என்கிறான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒட்டுப்பால் என்று பெயர். வாங்கில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, அவள் கொப்பியைத் தொட்டால் கையைக் கழுவுகிறார்கள். கடைசியில் அவள் ஸ்கூலை விட்டு நின்றுவிடுகிறாள்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். நீ முன்னால் வந்து, "இதே கதைய மறுபடி ஆடப் போறாங்க. எந்த எடத்துல கதை மாறணும்னு நினைக்கிறீங்களோ, கையத் தட்டுங்க. நாடகம் நிக்கும். மேடைக்கு வந்து ஒருத்தரோட எடத்த எடுத்துக்கிட்டு நீங்க ஆடுங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னாய். பிள்ளைகள் தட்டிய தட்டு! ஃபர்தா போட்ட ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்துகொண்டு, எழும்ப மாட்டேன் என்றது. ஒரு சிங்களப் பையன் பையன்களில் ஒருவனாக வந்து, "ஏக்க ஹரி நே, மச்சான்" என்றான். அது சரியில்லை என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சபையே கை தட்டியது. நானும் தட்டினேன், நாடகத்தை நிறுத்த இல்லை, சும்மா ஊரோடு ஒத்து.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் எழும்பினார். "இந்தப் பயலுக்கு அப்பன் இல்லியா? என்னா வளர்ப்பு வளத்திருக்காங்க?" என்று கேட்டார். நீ அமைதியாகச் சொன்னாய், "சேர், நாடகத்துல இல்லாதவங்க எடத்துக்கு வர ஏலாது. இருக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தரா வாங்க." அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நான் ஏழாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன். உன் சட்டம் என்னைக் காப்பாற்றிவிட்டது. நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கடையில் ஆளின் முகத்தைப் பார்த்தே எந்தத் துணியை எடுத்துப் போடலாம் என்று சொல்லிவிடுகிறவன் நான். உன் முகம் எனக்குத் தெரியாதா?

அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரு துண்டு ஒட்டுப்பால் கேட்டாயே, நினைவிருக்கிறதா? மரத்தின் வெட்டுவாயிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலை உரித்து எடுப்பது அவளுக்கு இருபத்திரண்டு வருஷத் தொழில். நாடகப் பிள்ளைகளுக்கு அதன் மணம் தெரிய வேண்டும் என்றாய். "போயும் போயும் இதுக்கா வந்த?" என்று அவள் சிரித்தாள். தோட்டத்துக்கு ஆள் அனுப்பி எடுத்து, பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் கொண்டுபோனால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று இரண்டு பை போட்டாள். அவள் கையால் கட்டிக் கொடுத்ததுதான் மேடைக்கு வந்தது. மேடையில் அந்தப் பெயர் வந்ததும் என் காதோரம் குனிந்து கேட்டாள்: "ஏங்க, டவுன் புள்ளைகளுக்கு ஒட்டுப்பால்னா என்னான்னு எப்படிங்க தெரியும்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த வார்த்தை டவுன் பையன்களிடம் இருந்து வந்திருக்காது. அது தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வரிசை வீடுகளின் வார்த்தை. லயத்திலிருந்து அந்த வகுப்புக்குப் போனது இரண்டு பேர்தான். அவள் தனக்குத்தானே பெயர் வைத்திருக்க மாட்டாள்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், மீதியை உனக்குத் தெரியாத மாதிரி நான் வைத்திருந்தேன். தோட்டத்து ஸ்கூல் அஞ்சாம் வகுப்போடு முடிந்துவிடும். உன்னை டவுனில் சேர்க்கக் கேட்டுப் போனபோது, தோட்டத்து விலாசத்தைப் பார்த்துவிட்டு ஃபோர்மைத் திருப்பித் தந்துவிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன். எங்கள் முதலாளி, ஹாஜியார், விஷயத்தைக் கேட்டார். "கடை மேல்மாடி காம்பராவுலதான் குடும்பத்தோட இருக்கேன்னு எழுதுங்க. பொய் சொல்றது எனக்கும் விருப்பமில்ல. ஆனா புள்ள படிக்கணுமே" என்றார். கரண்ட் பில்லையும் தந்தார். அவரை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். இப்படித்தான் நீ டவுன் பிள்ளையானாய். கேட்டால் கடை மேல்மாடி என்று சொல்ல வேண்டும். உண்மை வெளியே வந்தால் உன்னை நிறுத்திவிடுவார்கள் என்று நான் நிஜமாகவே பயந்தேன். பயந்தவன் என்னவெல்லாம் செய்வான் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் நாடகத்தில் வரும் அந்தப் பிள்ளை, நம் புவனா, ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணி, லயத்து விலாசத்தோடு, தலை நிமிர்ந்து அதே ஸ்கூலுக்கு வந்தாள். லயத்தில் நம் காம்பராவிலிருந்து நாலாவது அறை. அவள் அம்மா மாரியாயி அக்கா யூனிபோர்ம் துணி எடுக்கக் கடைக்கு வந்தது நேற்றுப் போல இருக்கிறது. துணியை நான் அளந்துகொண்டிருந்தேன். "தம்பி, ஒங்க மகனும் எங்க புள்ளையும் ஒரே வகுப்பாமே. அதுக்கு டவுன் பழக்கமில்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா பஸ்ல போகச் சொல்லுங்களேன்" என்று கேட்டது. "அதுக்கென்னக்கா, போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே துணியைக் கிழித்தேன். முழு அளவுக்கு மேல் நாலு விரல் கூட விட்டுக் கொடுத்தேன். அந்த நாலு விரல் துணி எதற்கு என்று அக்காவுக்குத் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து உன்னை முந்தின பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். இருட்டு விலகுவதற்கு முன்னாலேயே எழுப்பினேன். ஏன் என்று கேட்டாய். பஸ் ஹோல்ட்டில் நின்றுகொண்டு உனக்குக் காரணம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும், கடைசியில் எழுதுகிறேன். உனக்குப் பதினொரு வயது. தலையை ஆட்டினாய். நான் சொன்னதை எதையும் நீ மறுத்துப் பேசின பிள்ளை இல்லை. பேசியிருந்தால் ஒரு அடி கொடுத்திருப்பேன், பிறகு யோசித்திருப்பேன்.

பெற்றார் கூட்டத்துக்கு அம்மா ஒரு நாளும் வந்ததில்லை. வரவேண்டாம் என்று நான் சொன்னதால்தான் வரவில்லை. "ஒனக்கு வெளங்காது, சிங்களத்துல பேசுவாங்க" என்றேன். அவள் சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். அப்படியும் அந்த மழை நாளில் எனக்குச் சொல்லாமல் வந்துவிட்டாள். அன்று சாயந்திரம் கடையில் என்னோடு நிற்கும்போது நீ சொன்னாய், "அம்மா கேட்டுக்கு வந்தாங்கப்பா. நா பாக்காத மாதிரி இருந்துட்டேன்." நீ அழுகிற மாதிரிதான் சொன்னாய். நான் என்ன செய்தேன்? முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்று சொல்லி, எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று போதும் என்றாய். இரண்டாவதையும் சாப்பிட வைத்தேன். பையன்கள் கேட்டதையும் நீ புவனாவின் அம்மா என்று சொன்னதையும் நீ அன்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? மூன்றாவது ரோல்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

புவனா எட்டாம் வகுப்போடு நின்றபோது மாரியாயி அக்கா, "அதுக்குப் படிப்பு ஏறல தம்பி" என்றது. ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணின பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையாம். நானும், "என்னா செய்றது, எல்லாருக்கும் ஏறுமா" என்றேன். போன வருஷம் கல்யாண வீடொன்றுக்காக யட்டவத்தைக்குப் போனவன் சந்தைக்குள் நுழைந்தேன். மரக்கறிக் கடையில் புவனா நின்றாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "மாமா, நல்லா இருக்கீங்களா? ஒங்க மகன் இப்ப டீச்சராமே" என்றாள். ஆமாம் என்றேன். போஞ்சியை நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு பிடி பச்சை மிளகாயைக் கேட்காமலே பைக்குள் போட்டாள். "அவரக் கேட்டதா சொல்லுங்க மாமா." நான் உன்னிடம் சொன்னேனா? இல்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மிளகாயும் காசுக்கு வாங்கினது என்று சொன்னேன்.

அந்த ஊருக்குத்தான் வருகிற வெள்ளிக்கிழமை உன் நாடகம் போகிறது. புவனாவின் மகள் படிக்கிற ஸ்கூல். நேற்று போனில், "புவனாவையும் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல" என்றாய். நான் உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ புவனா முன்னால் மேடையில் நிற்கப் போகிறாய். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்தப் பயலுக்கு என்ன வளர்ப்பு என்று யாராவது கேட்பார்கள், நீ மறுபடியும் சட்டத்தைச் சொல்லி என்னைக் காப்பாற்றுவாய். பதினொரு வயதில் நான் உன்மேல் தூக்கிவைத்ததை முப்பத்தொரு வயதிலும் நீ ஒருவனே சுமந்துகொண்டு நிற்பாய். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. தடுக்கவும் முடியாது. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போ என்று சொல்லத் தைரியமும் இல்லை.

ஒன்றிரண்டு விஷயம் மட்டும் கேள். அவளை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்காதே. சபை முன்னால் கேட்டால் அவள் மன்னித்தே ஆக வேண்டும், வேறு வழி இருக்காது. அது அவளுக்கு நீ செய்கிற இன்னொரு பாரம். நாடகத்துக்கு முதல் நாள் சந்தைக்குப் போ. ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல். அவள் திட்டினால் நின்று கேள். ஒன்றும் சொல்லாமல் போஞ்சியை நிறுத்தால், போஞ்சியை வாங்கிக்கொண்டு வா. பிறகு, உன் வேஷம் போடுகிற அந்தப் பையனைக் கொஞ்சம் கவனி. ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் அவனை "பொய்க்காரன்" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வேலையை விட்டு ஒன்பது வருஷமாகிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள், "அன்னிக்கு அவன் என்னயப் பாத்தானா?" கேட்டில் காத்திருந்தும் நீ வராததால், குடையை வாட்சரிடம் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். நீ வேறு வழியாகப் போயிருப்பாய் என்று நான்தான் அப்போது சொல்லிவைத்தேன். இத்தனை வருஷமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. அவள் முழுத் தேங்காயையும் துருவி முடித்தாள். அழுவாள் என்று பயந்தேன், என்னைத் திட்டமாட்டாளா என்று ஆசைப்பட்டேன். இரண்டும் செய்யவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அந்தப் புள்ள என்னய மாதிரியே நல்லா நடிச்சிச்சு. ஆனா கொடைய விரிச்சிக்கிட்டு வந்திச்சு. அது பிழை" என்றாள். "நா விரிக்கல. புதுக் கொட. அவன் பிடிக்கயில காஞ்சு இருக்கணும்னு சாக்குக்குள்ள சுத்தி வச்சிக்கிட்டு நனைஞ்சிக்கிட்டுத்தான் போனேன். மாத்தச் சொல்லுங்க." உன்னிடம் சொல்லச் சொன்னது அவ்வளவுதான். நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அவளுக்கு உன்மேல் கோபமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. என்மேல் இருக்கிறது. இருக்கட்டும். இந்த வாரம் முழுக்கத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். சீனி சரியாகத்தான் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் உன் நாடகத்தில் இன்னொரு ஆளைச் சேர். அந்தப் பையனுக்கு ஒரு அப்பா இருக்கட்டும். பெரிய வேஷம் வேண்டாம், ஒரே ஒரு காட்சி. பஸ் ஹோல்ட், காலை நேரம், பையன் சப்பாத்து லேசைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நடிக்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். அம்மாவும் வருவாள், குடை சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வசனம் பாடமாக்க வேண்டியதில்லை. நான் சொன்னது சொன்னபடி இதுதான்:

"அந்தப் புள்ள பேச வந்தா தெரியாதுன்னு சொல்லு. லயத்து ஆளுங்க யார் வந்தாலும் தெரியாதுன்னு சொல்லு. ஒங்கம்மா வந்தாலும் சரி."

இதைச் சொல்லி முடித்ததும் நிறுத்தி, உன் சட்டத்தைச் சபைக்குச் சொல். யாராவது கையைத் தட்டட்டும். எவ்வளவு சின்னப் பிள்ளை வந்தாலும் என் இடத்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறேன். ஃபோர்மைத் திருப்பித் தந்துவிட்ட அந்த ஊரில், உன்னைப் படிக்கவும் வைத்து, உன் அம்மாவை அம்மா என்று சொல்லவும் வைக்க அன்று காலையில் நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம்? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா